நத்தையும் நண்டும் ஆய்வுக்கூடம் போய்விட்டன, நாம்?

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வெளியூர் வண்டிகள் வரிசை கட்டும். வருகிறவர்கள் குளிப்பார்கள், பழம் வாங்குவார்கள், போய்விடுவார்கள். அருவியில் விழுந்த தண்ணீர் அதன்பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது சிற்றாறாகித் தென்காசி வழியாக ஓடுகிறது. வழியில் குளங்களை நிரப்புகிறது. சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாக் கடலில் கலக்கிறது. அந்தக் குளங்களுக்குக் கீழே உள்ள வயல்களில் காருக்கும் பிசானத்துக்கும் நாற்று நட்டவர்களும் களை பறித்தவர்களும் பெரும்பாலும் நம் சனங்கள்தான்.

வேலை முடிந்து கரையேறும்போது நம் பாட்டிமார் வெறுங்கையோடு வரமாட்டார்கள். சேலை முந்தியில் நாலு நண்டு இருக்கும், இல்லையென்றால் ஒரு சட்டி நத்தை. குளம் வற்றும் மாசி, பங்குனியில் கெளுத்தியும் விராலும் கிடைக்கும். சளி பிடித்த பிள்ளைக்கு நண்டு ரசம் வைத்துக் கொடுத்தார்கள். அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய், மூடியைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனதை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. எங்களுக்கும் அது நடந்தது. அதன்பிறகு சட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உருளைக்கிழங்கு என்று சொல்லப் பழகிக்கொண்டோம்.

யார் எதை இழிவு என்று ஒதுக்கினார்களோ, அதே நத்தையும் நண்டும் விராலும் இந்தியாவின் விலங்கியல் ஆய்வுக்கூடங்களில் முக்கியமான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வைத்துப் பலர் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள், வெளிநாட்டு இதழ்களில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் நத்தை. கோடையில் குளம் வெடித்துக் காய்ந்த பிறகு, மண்ணைக் கிளறி உயிருள்ள நத்தையை எடுக்க நம் வீட்டுக் கிழவிகளுக்குத் தெரியும். ஓட்டின் வாயைக் கதவு போட்டதுபோல் மூடிக்கொண்டு அது மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். இதற்கு உயிரியலில் கோடை உறக்கம் என்று பெயர். உணவு இல்லாமல், காற்று ஏறக்குறைய இல்லாமல், அது எப்படிச் சாகாமல் இருக்கிறது? உடலில் சேர்த்து வைத்த எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது? இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு வி.ஆர்.மீனாட்சி என்ற ஆய்வாளர் 1950களில் வேலை செய்தார். 1964ல் சர்வதேச உடலியல் இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையை நத்தையின் கோடை உறக்கம் பற்றி எழுதுகிறவர்கள் தொடர்ந்து மேற்கோள் காட்டிவந்திருக்கிறார்கள்.

அடுத்தது விரால். விரால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை எடுத்துப் போவதைக் குளத்தில் கால் நனைத்த எவரும் பார்த்திருப்பார். அதற்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி.ஜெ.பாண்டியனும் இ.விவேகானந்தனும் இதையே ஆய்வாக எடுத்தார்கள். வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் விரால் குஞ்சுகளை விட்டு, எத்தனை முறை மேலே வருகிறது, எவ்வளவு தூரம் நீந்துகிறது, எவ்வளவு தின்கிறது, எவ்வளவு வளர்கிறது என்று கணக்கெடுத்தார்கள். ஆழம் கூடக்கூட மூச்சு வாங்கப் போய்வரும் தூரமும் கூடுகிறது. தின்றதில் ஒரு பங்கு அந்த அலைச்சலுக்கே போய்விடுகிறது, வளர்ச்சி குறைகிறது. வேலைக்கு நெடுந்தூரம் நடக்கிற கூலியாளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அறிவியல் கட்டுரையில் அப்படியெல்லாம் எழுதமாட்டார்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.

பாண்டியனுக்கு 1984ல் நாட்டின் உயர்ந்த அறிவியல் விருதான பட்நாகர் விருது கிடைத்தது. விவேகானந்தன் கடலுக்குப் போனார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் முதன்மை விஞ்ஞானியாகி, கடல் சூடாவதால் நம் ஊர்ச் சந்தைக்கு வருகிற மத்தி மீன் வடக்கு நோக்கி நகர்கிறது என்பதை எடுத்துச்சொன்னவர்களில் ஒருவரானார். விரால் தொட்டியில் தொடங்கிய படிப்பு கடலின் சூழலியல் வரை போயிருக்கிறது.

நண்டின் கதையும் கடலில்தான் முடிகிறது. நண்டு தோலுரிக்கும் சமயத்தில் மெத்தென்று இருக்கும், அப்போது பிடிபட்டால் ஓட்டோடு தின்னலாம் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. எப்போது தோலுரிக்க வேண்டும் என்பதை நண்டின் கண்காம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வயல் நண்டை வைத்தே இந்த ஹார்மோன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். கண்காம்பில் முட்டை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனும் உண்டு. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கி முட்டையிட வைக்கிறார்களே, அது இந்த அறிவின் மேல் நடக்கிற தொழில்.

இத்தனைக்கும் தொடக்கம் வயலிலும் குளத்திலும் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக நின்றவர்களின் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேர்? நம் தெருவில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவர்களை எண்ணிப் பாருங்கள். எம்.எஸ்சி. போனவர்கள் அதில் பாதிகூட இருக்கமாட்டார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர் ஒருவர் இருந்தால் அதுவே பெரிது. குற்றம் முழுவதும் வெளியில் இல்லை. ‘நண்டையும் நத்தையையும் படிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?’ என்று நம் வீட்டிலேயே கேட்கிறார்கள். உயிரியல் என்றால் நீட், அது இல்லாவிட்டால் நர்சிங், அதுவும் இல்லாவிட்டால்தான் விலங்கியல் என்று ஆகிவிட்டது.

ஆய்வு செய்ய வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1990ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் மலையும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் நம் மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. அங்கே மலையோடை மீன்களை ஆராய்ந்த எம்.அருணாசலம் தலைமையிலான குழு, தாமிரபரணியின் பெயரையே வைத்து ஒரு மீன் இனத்தை 2014ல் உலகுக்கு அறிமுகம் செய்தது. பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் குமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. குற்றாலத்தில் 1964 முதல் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. இடம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது, போய்ச் சேருவதுதான் பாடு.

கடல் கடந்து ஒருவரைச் சொல்ல வேண்டும். எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட், 1883ல் அமெரிக்காவின் தென்கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தாய் பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை செய்தார், பள்ளியில் பாடமும் சொல்லிக்கொடுத்தார். 1909 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், கோடைதோறும் உட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஆய்வகத்துக்குப் போய்க் கடல்புழு, கடல் முள்ளெலி போன்ற உயிர்களின் முட்டைகளை ஆராய்ந்தார். விந்து தொட்ட நொடியில் முட்டையின் மேற்பரப்பில் என்ன மாற்றம் ஓடுகிறது என்பதை நுட்பமாகக் கண்டு சொன்னார். உயிரியை அதன் இடத்தில், அதன் இயல்பில் தெரிந்துகொள்ளாமல் ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது வீண் என்பது அவருடைய பிடிவாதம். முட்டைகளைப் பழுதில்லாமல் கையாள்வது எப்படி என்று வெள்ளைக்கார ஆய்வாளர்கள் அவரிடம் வந்து கேட்டுப் போனார்கள். 1916ல் சிகாகோவில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஆனாலும் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்திலேயே கற்பித்துக்கொண்டு, ஆராய்ச்சிப் பணத்துக்கு அறக்கட்டளைகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். 1929ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வகத்துக்குப் போன பிறகு ஐரோப்பாவிலேயே அதிகமாக வேலை செய்தார். செல்லின் மேற்பரப்பு பற்றிய அவருடைய பெரிய நூல் 1939ல் வந்தது. 1940ல் பிரான்சில் நாஜிப் படைகள் அவரைச் சிறிது காலம் அடைத்து வைத்தன. 1941ல் புற்றுநோயில் இறந்தார். அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1996ல்.

ஜஸ்டைப் போலவே நம் பிள்ளைகளுக்கும் முதல் தடை பணம்தான். அண்ணல் அம்பேத்கரே பரோடா உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து, பிறகு சமூக அறிவியல் பக்கம் போன ரோகித் வெமுலா, 2016 ஜனவரியில் தன் கடைசிக் கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் தனக்கு வரவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

ஆகவே கணக்கைத் தெளிவாகப் பார்ப்போம். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 புதிய இடங்களைக் கொண்டது. அதில் அறிவியல் துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, நாடு முழுமைக்கும், 500 இடங்கள். 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இதற்குத் தகுதி பெற, உயிரியல் மாணவர்கள் ‘நெட்’ எழுத வேண்டும். அந்த அறிவியல் நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழில் படித்து வந்தவருக்கு அங்கேயே ஒரு மடை அடைபட்டுவிடுகிறது. விலங்கு உடலியலும் சூழலியலும் பாடத்திட்டத்தில் தனித்தனி அலகுகள். நத்தை ஏன் சாகவில்லை என்று தமிழில் விளக்கத் தெரிந்த பெண், அதே கேள்வி ஆங்கிலத்தில் நான்கு விடைகளோடு வரும்போது திணறுகிறாள். எம்.எஸ்சி. முடித்த பிறகு அல்ல, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துப் பழகத் தொடங்குங்கள், தங்கச்சி, தம்பிமாரே.

நெட் கிடைக்காதவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாதக் கணக்கில் 8,300 ரூபாய் சொச்சம். மத்திய அரசின் தொகையோடு ஒப்பிட்டால் இது கால்வாசிகூட இல்லை. ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1950ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவ ஆதிதிராவிடர்கள் பட்டியல் சாதியில் சேரமாட்டார்கள் என்பதால், மத்திய அரசின் அந்த உதவித்தொகை அவர்களுக்கு இல்லை. மாநில அரசின் ஊக்கத்தொகை அவர்களுக்கும் உண்டு. சர்ச்சும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கிற நம் தெருக்களில், ஒரே வயலில் கூலி வேலை பார்த்த அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளைகளுக்குள் இந்த வித்தியாசம் விழுகிறது. இதை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முழுநேரப் பதிவுக்கான ஆவணம் ஆகியவற்றோடு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். பணம் தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இன்னொன்று, பணம் இருந்தாலும் தீராதது. ஆய்வு மாணவர் குளத்தில் இறங்கி மாதிரி எடுக்க வேண்டும். மடைப்பக்கம் போனதும், ‘எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவர், தன் மீனைத் திருட வந்ததாக நினைப்பார். குளம் நீர்வளத்துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ உரியது, எந்தத் தெருவுக்கும் உரியது அல்ல. என்றாலும் துறைத் தலைவரின் கடிதத்தை எப்போதும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், பெண் பிள்ளைகள் கட்டாயமாகப் போகாதீர்கள். மலைக்காட்டிலும் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சிப்பியைக்கூட எடுக்கக்கூடாது. அனுமதிக்கு மாதங்கள் ஆகும், முன்கூட்டியே எழுதிப்போடுங்கள்.

தலைப்பு கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கோடையில் நம் குளங்களில் ஜே.சி.பி. இறங்கி வண்டல் அள்ளுகிறது. அதே மண்ணுக்குள் நத்தைகள் கதவை மூடிக்கொண்டு மழைக்குக் காத்துக் கிடக்கின்றன. வண்டல் அள்ளிய குளத்திலும் அள்ளாத குளத்திலும், மழைக்குப் பிறகு எத்தனை நத்தைகள் எழுந்து வருகின்றன என்று இரண்டு ஆண்டுகள் எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதற்கு ஒரு சதுரச் சட்டம், தராசு, நோட்டுப் புத்தகம் போதும். எந்த மூலையில் தோண்டினால் கிடைக்கும் என்பதை வீட்டில் இருக்கிற பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.