அத்தாவுக்கு மீண்டும் ஒரு கானகம்

சேந்தமங்கலம், இராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் எண்பதை எட்டிய பெரியவர்களிடம் சற்றே பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கொல்லிமலை அடிவாரத்திலோ சேர்வராயன் சரிவிலோ இளமையில் வேட்டைக்குப் போன கதை வெளிவரும். “இன்னும் ஒரே ஒரு தடவை காட்டுக்குள் போய்க் கடமானைப் பார்த்துவிட வேண்டும்” என்று உங்கள் அத்தாவும் கேட்டிருக்கக்கூடும். அந்த ஆசையைத் தட்டிக் கழிக்காதீர்கள். ஆனால் அதை நிறைவேற்றும் வழியை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

வேட்டை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட வழியிருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அதையும் நீக்கிவிட்டது. சுடுவது மட்டுமன்று, விரட்டுவதும், கண்ணி வைப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. மார்க்கத்தில் வேட்டை ஆகுமானதுதானே என்று வாதிடுவோர் உண்டு. இஹ்ராம் அணிந்தவருக்கு அதே வேட்டை தடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, “இங்கே எல்க் வேட்டைக்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அத்தாவை அனுப்புங்கள்” என்று எழுதலாம். அங்கே உரிமம் பெற்றால் அது சட்டப்படியானதே. எனினும் உயர்ந்த மலையில், மூச்சு வாங்கும் காற்றில், நாள் கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். மேலும், அன்றைய ஆங்கிலேயர் இலங்கையில் எல்க் என்று அழைத்தது நம் கடமானைத்தான். நுவரெலியா மலைகளில் அதை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட நூலிலும் அப்பெயரே இருக்கிறது. அத்தா தேடுவது அந்தக் கடமானையே என்றால், அது முதுமலையிலேயே இருக்கிறது.

முதுமலை 1940 முதல் சரணாலயம். 2007 முதல் புலிகள் காப்பகம். தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டியில் காட்டைச் சுற்றிக் காட்டுகிறது. சேலத்திலிருந்து மேட்டுப்பாளையம், உதகை வழியாகச் செல்வோர், உதகைக்குப் பின் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர்த்து, கூடலூர் வழியே இறங்குவது நலம். தூரம் கூடும், முதியவரின் தலை சுற்றாது. ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணுவது கொடுமை. நீலகிரிக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. புறப்படுமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் சுற்றுலா நிறுத்தப்படுவதும் உண்டு.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “இரவில் கூட்டிப்போய்ப் புலியைக் காட்டுகிறேன்” என்று சாலையோரத்தில் அழைப்பவருடன் போகாதீர்கள். இரவில் காட்டுக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். மான் கறி கிடைக்கும் என்று காதோடு சொல்பவரிடமிருந்து இன்னும் விரைவாக விலகுங்கள். தள்ளாத வயதில் அத்தா வனத்துறை அலுவலகத்தில் வாக்குமூலம் தர நேர்ந்தால், அந்த இழிவுக்குப் பொறுப்பாளி நீங்களே.

நல்ல வழிகாட்டி விலங்கைக் காட்டுவதாக வாக்களிக்க மாட்டார். வண்டியின் படி எவ்வளவு உயரம், ஓட்டுநருக்கு அருகில் இடம் கிடைக்குமா, கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். இடையில் இறங்க முடியாதாகையால் சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீர்த் தொல்லை உள்ளவருக்கும் கடைசிக் கேள்வியே முதன்மையானது. ஊசி போட்டுக்கொள்பவர் என்றால் வெறும் வயிற்றில் ஏற்றிவிடாதீர்கள். பேரீச்சம்பழம் கையில் இருக்கட்டும். விடியலும் அந்தியுமே கடமான் நடமாடும் வேளை. சுபுஹுத் தொழுதுவிட்டுக் கிளம்பலாம். மாலையில் என்றால் அஸரை முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையும் அத்தரும் அன்றைக்கு மட்டும் வேண்டா! காட்டில் வெண்மை தொலைவிலேயே தெரியும்; மானின் மூக்கோ நம்முடையதைவிடக் கூரியது. தொலைநோக்கி வாங்குவதாயின் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கானால் நடுங்கும் கையில் காட்சியும் நடுங்கும்.

பழைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன்கூடப் பிற்காலத்தில் கேமராவின் பக்கம் திரும்பியவரே. அத்தாவின் பக்கத்தில் ஒரு பேரனையும் உட்கார வையுங்கள். கால் டன் எடையுள்ள ஆண் கடமான் கொம்பை உயர்த்தி நிற்பதைப் பையன் பார்க்கும்போது, கொல்லிமலைக் கதை முழுவதையும் பெரியவர் சொல்லி முடிப்பார்.

மலைப்பாதையே ஆகாது என்று மருத்துவர் சொன்னால், சேலத்தை ஒட்டிய குரும்பப்பட்டி விலங்கியல் பூங்காவில் மான்கள் இருக்கின்றன. காலையில் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள்.