முதல் கரையாத கொடை

குஜிலியம்பாறை வட்டாரத்தில் ஊர்த் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி போடுவார்கள். நோட்டோடு வீடு வீடாகப் போனால் வெறுங்கையோடு அனுப்பும் வீடு அபூர்வம். பந்தல், மேளம், அன்னதானம் எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் சொல்லிக்கொள்கிற அளவுக்கு மிச்சம் நிற்காது. ஆடியில் பள்ளிக்கூடத்துச் சுவர் விழுந்தால் மறுபடியும் நோட்டைத் தூக்க வேண்டியதுதான். கொடுக்கிற மனம் இருக்கிறது, சேர்ந்து நிற்கிற பணம்தான் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் சமுதாய அறக்கட்டளை. ஊரார் பலர் தரும் சிறிதும் பெரிதுமான தொகைகளை ஒரே நிதியாக்கி, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் அந்த ஊர்த் தேவைகளுக்குச் செலவழிப்பது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் 1914இல் இதைத் தொடங்கினார். பணக்காரர்கள் உயிலில் ஏதோ ஒரு காரியத்துக்கென்று எழுதிவைத்துப் போவார்கள். காலம் மாறி அந்தக் காரியமே இல்லாமல் போனாலும் பணம் அதிலேயே முடங்கிக் கிடக்கும். பணத்தை வங்கி காக்கட்டும், எதற்குக் கொடுப்பது என்பதை ஊர்ப் பெரியவர்கள் குழு அவ்வப்போது முடிவு செய்யட்டும் என்றார் காஃப்.

நமக்கு இது புதுசு இல்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். கணக்கில் 96 குறையாது. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். இன்றைக்கும் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கங்களாகத் திரட்டி, பராமரிப்புக்கென வைப்பு நிதி சேர்க்க வைக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஆயிரம் குடும்பங்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் 10 லட்சம். வங்கியில் ஆறரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 65,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்துக்குத் திண்டாடும் சில பிள்ளைகளுக்குப் போதும். மண்டபம் கட்டப் போதாது. மண்டபம் கட்ட முடியாமல் இருப்பதே ஒருவகையில் நல்லது என்பேன்.

நம்மூரில் இடறும் இடம் பொறுப்பாளர்கள்தான். ஒரே குடும்பமோ ஒரே கட்சியோ ஒரே சாதியோ சாவியை வைத்திருந்தால் இரண்டாம் ஆண்டே நோட்டு மடங்கிவிடும். பத்திரம் எழுதும்போதே பொறுப்புக்காலம் இத்தனை ஆண்டு என்று குறித்து, வெளி ஆடிட்டரை வைத்து, வரவுசெலவை ஊர்ச்சாவடியில் ஒட்ட வேண்டும்.

நிதி வர இன்னொரு வாசலும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். ஆலை இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அந்தச் சட்டம் சொல்கிறது. கரிக்காலியில் சிமெண்ட் ஆலையும் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிச் செலவிட, வருமான வரித் துறையின் பதிவும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் கையில் இருக்க வேண்டும். திருவிழா நோட்டை மட்டும் காட்டினால் எந்த ஆலையும் காசோலை எழுதாது.