கட்டுப்பாடு பிள்ளையின் போனில், புகைப்படம் யார் போனில்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நிக்காஹ் பட்டு எடுக்க வரும் குடும்பங்களைக் கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். புடவையை விரித்து மணப்பெண்ணின் தோளில் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்த நொடி நாலைந்து போன்கள் வெளியே வரும். வர முடியாத பெரியம்மாவுக்கு ஒரு படம், துபாயில் இருக்கும் அத்தாவுக்கு ஒரு படம். வீடு போய்ச் சேர்வதற்குள் சாச்சியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெண்ணும் புடவையும், பக்கத்தில் சிரிக்கும் இரண்டு குட்டிகளும் ஏறிவிடுவார்கள்.

அதே சாச்சி மறுநாள் கேட்பார்: "பையன் எந்நேரமும் போனும் கையுமா இருக்கான். கன்ட்ரோல் பண்ண ஏதாவது ஆப் இருக்கா?"

இருக்கிறது. கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம். பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கலாம், இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும், எந்த ஆப்பை இறக்கலாம் என்பதை உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். ஐபோனில் இதே வேலையை 'ஸ்கிரீன் டைம்' செய்கிறது. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் 'டீன் அக்கவுண்ட்' முறையைக் கொண்டுவந்தது. அதில் பிள்ளையின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைத் தளர்த்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வயதைக் கூட்டிக் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனிப் போன் கிடையாது. அம்மாவின் போன்தான் கார்ட்டூனும், கேமும், வீட்டுப்பாடமும். அம்மாவின் கணக்கில் ஓடும் போனில் ஃபேமிலி லிங்கால் பயனில்லை. அதற்கு எளிய வழி, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் உள்ள 'ஆப் பின்னிங்'. ஒரு ஆப்பை மட்டும் திரையில் பூட்டிக் கொடுத்துவிடலாம். பின் நம்பர் இல்லாமல் பிள்ளை கேலரிக்கோ வாட்ஸ்அப்புக்கோ போக முடியாது. ஐபோனில் இதன் பெயர் 'கைடட் ஆக்சஸ்'.

மகளின் சாட்டை அவளுக்குத் தெரியாமல் படிக்க உதவும் ஆப்களும் விற்கப்படுகின்றன. வேண்டாம். மகள் அனுப்பும் படங்கள் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் போய் உட்காரும். எந்தக் கட்டுப்பாடு வைத்தாலும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வைப்பதே நல்லது.

இவ்வளவும் பிள்ளையின் கையில் இருக்கும் போனுக்கு. சாச்சியின் ஸ்டேட்டஸை இதில் எதுவும் தொடாது.

பிள்ளையார்பாளையத்தில் ஒருமுறை தறி வீட்டில் பாதி நெய்த புடவையைப் படம் எடுக்கப் போனேன். நெசவாளர் கையால் மறைத்துவிட்டார். "படம் வெளியே போனா இதே டிசைன் பவர்லூம்ல வந்துடும் தம்பி," என்றார். தன் டிசைன் மீது அவருக்கிருந்த எச்சரிக்கையில் பாதிகூட நம் வீட்டுப் படங்கள் மீது நமக்கு இல்லையே என்று அன்று தோன்றியது.

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என இரண்டு ஆப்கள் கிட்ஹப் தளத்தில் வந்தது நினைவிருக்கும். முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு 'ஏலம்' என்று கேவலப்படுத்தினார்கள். இரண்டாவது ஆப்பில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். பத்திரிகையாளர்களும் அவர்களில் இருந்தார்கள். படங்கள் சமூக வலைத்தளங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. யாருடைய போனையும் உடைத்துத் திருட வேண்டிய தேவை இருக்கவில்லை. படம் போட்ட பெண்கள் மீது குற்றமில்லை, எடுத்தவர்கள் மீதுதான் குற்றம். கைதானவர்களில் 21 வயதுப் பொறியியல் மாணவரும் இருந்தார். நம் வீடுகளில் மகளின் போனுக்கு வைக்கும் கட்டுப்பாட்டை மகனின் போனுக்கு வைக்கிறோமா என்பதையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் இருக்கிறதே என்று நினைக்கலாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் அது நிறுவனங்களுக்கு. ஒருவர் தன் சொந்த, குடும்பத் தேவைக்காகச் செய்வது இந்தச் சட்டத்தில் வராது. நாமே பொதுவில் போட்ட தகவலும் வராது. ஆக, சாச்சியின் ஸ்டேட்டஸைக் குடும்பம்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் பிரைவசி பகுதியில் புரொஃபைல் படத்தை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். 'எவ்ரிஒன்' என்று இருந்தால், உங்கள் நம்பர் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம். ஸ்டேட்டஸ் உங்கள் கான்டாக்டில் இருந்து, உங்கள் நம்பரையும் சேமித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் போகக்கூடும்: கேஸ் சிலிண்டர் போடுபவர், ஆட்டோக்காரர், பழைய ஆபீஸ் நண்பர். 'ஒன்லி ஷேர் வித்' என்பதில் உறவினர்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். பள்ளி யூனிஃபார்மும் ஐடி கார்டும் தெரியும் படம் வேண்டவே வேண்டாம். 'வியூ ஒன்ஸ்' முழுப் பாதுகாப்பு அல்ல, இன்னொரு போனால் திரையைப் படமெடுக்க முடியும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளையிடமும் "இதைப் போடட்டுமா?" என்று கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று நேரங்களை சூரத்துந் நூர் கற்றுத்தருகிறது. அனுமதி கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளை, நாளை தோழியின் படத்தை ஃபார்வர்டு செய்யுமுன் அவளிடம் கேட்கும்.

படம் தவறான கையில் சிக்கி மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு 1098 உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை, படத்தை வாங்காமலேயே அதன் டிஜிட்டல் ரேகையை மட்டும் எடுத்து, இதில் சேர்ந்துள்ள தளங்களில் அதைத் தடுக்க உதவுகிறது. வயது வந்தோருக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' இருக்கிறது. இவை எதற்கும் முன்னால், மகள் வந்து சொல்லும்போது "நீ ஏன் போட்டோ எடுத்தே?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் வாரக்கணக்கில் வாய் திறப்பதில்லை.