சாக்குத் துணியால் வந்த வினை!

ஊட்டிக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. ஹாலில் சுவரோடு கட்டிய கணப்பு அடுப்பு உண்டு. எவ்வளவு விறகு போட்டாலும், பாதிச் சூடு புகைபோக்கி வழியா வெளியே போய்விடும். அதனால், வெல்டிங் பட்டறையில் சொல்லி, கதவு வைத்த இரும்புப் பெட்டி அடுப்பு ஒன்று செய்து, அந்தப் பொந்துக்குள்ளேயே வைத்தோம். விறகுச் செலவு குறைந்தது. ஆனால், பெட்டியைச் சுற்றி விரல் நுழைகிற சந்து. அடுப்பு எரியாதபோது அதில் குளிர்காற்று இறங்கும். எரிந்தால் புகை வரும்.

போன மார்கழியில், உறைபனி கொட்டிய ஒரு ராத்திரி, பெரிய புத்திசாலி மாதிரி பழைய சாக்குத் துணியைச் சந்தில் திணித்து, ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டினேன். விறகு சீக்கிரம் தீரக் கூடாதுன்னு புகைக்குழாய்த் தகட்டையும் மூடி வைத்தேன். நடுராத்திரி சின்னவள், 'தலை வலிக்குதும்மா'ன்னு எழுந்து வாந்தி எடுத்தாள். எனக்கும் எழுந்து நிற்க முடியவில்லை. மாமியார்தான் கதவைத் திறந்து, எல்லாரையும் வாசலுக்கு இழுத்து வந்தார்.

'கார்பன் மோனாக்சைடு'ன்னு டாக்டர் சொன்னார். விறகோ, கரியோ போதிய காற்றில்லாமல் எரிந்தால் வருமாம். நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், சாக்கின் ஓரமும் கருகியிருந்தது!

என்னவர் வேலை பார்க்கும் டீ பேக்டரியின் பிட்டர் அண்ணன்தான் சரி பண்ணிக் கொடுத்தார். அடுப்புக் குழாயைப் புகைபோக்கிக்குள் மேலே நீட்டி, சுற்றிலும் இரும்புத் தகடு பொருத்தி, அதன் மேலும், பெட்டியின் பக்கங்களிலும் செராமிக் உல் அடைத்தார். அது தீப்பிடிக்காது, ஆனால், தொட்டால் அரிக்கும், தூசு மூச்சில் போகக் கூடாது. கையுறையும், மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் அவசியம். விளிம்புக்குச் சாதா சிமென்ட் பூசினால் சூட்டில் விரிசல் விடும். பயர் சிமென்ட் என்று கேட்டு வாங்கணும். அதை நன்றாகக் காயவிட்டு, முதலில் சின்னத் தீதான் போடணும்.

அடுப்புக் கதவுக்குக் கண்ணாடி இழைக் கயிறு. ஆஸ்பெஸ்டாஸ் கயிறு வேண்டவே வேண்டாம் தோழிகளே, நுரையீரலுக்குக் கேடு. அடுப்பு ஆறியிருக்கும்போது, கதவிடுக்கில் பேப்பர் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால், கயிறு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

புகைக்குழாய்த் தகட்டை நெருப்பு இருக்கும்வரை இப்போது நான் தொடுவதேயில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டியாச்சு. ஆனால், மாமியாருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். 'குளிருதே அத்தை' என்றால், 'இன்னொரு கம்பளி போத்திக்கோ' என்பார்.

- வாசகி, ஊட்டி.