சொல்லாமற் சொல்லும் மொழி

வாய் மூடியிருக்கும்போதும் மனிதன் பேசிக்கொண்டேயிருக்கின்றான். கண்ணின் நோக்கு, கையின் அசைவு, நடையின் வேகம், அமர்ந்திருக்கும் பாங்கு ஆகிய யாவும் பிறர்க்கு ஏதோவொன்றை உணர்த்துகின்றன. இவ்வுண்மையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். உள்ளத்துணர்ச்சி உடலிலே புலப்படுவதை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தொல்காப்பியம் ஓர் இயலையே வகுத்தது. திருக்குறளிலோ ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள. பொருட்பாலிலுள்ள 71ஆம் அதிகாரம் பிறர் உள்ளக்கருத்தை முகத்தால் அறியும் அமைச்சனின் திறத்தைக் கூறுகின்றது. காமத்துப்பாலிலுள்ள 110ஆம் அதிகாரம் காதலர் ஒருவரையொருவர் அறியும் வகையைக் கூறுகின்றது.

இந்த மொழி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானா? வேறுபடுமாயின், அவ்வேறுபாடு பிறப்பினால் வந்ததா, வளர்ப்பினால் வந்ததா? இவ்வினாக்களுக்கு அறிஞர் பலர் விடைதேட முயன்றுள்ளனர்.

முதலில் நடையை எடுத்துக்கொள்ளலாம். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் யொஹான்சன் 1973ஆம் ஆண்டில் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் முதலிய மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை அமைத்து, இருளிலே நடக்கவிடுவது அம்முறை. பார்ப்போர்க்கு உடல் தெரியாது. புள்ளிகள் மாத்திரமே தெரியும். அவர் அசையாது நிற்கும்வரை அப்புள்ளிகள் பொருளற்றவை. அவர் நடக்கத் தொடங்கியதும், அங்கே செல்வது மனிதன் என்பது உடனே விளங்கிவிடும். இம்முறையைக் கையாண்டு, 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கொஸ்லோவ்ஸ்கி, கட்டிங் ஆகிய இருவர், நடப்பவர் ஆணா பெண்ணா என்பதையும் ஓரளவு அறியலாமெனக் காட்டினர். ஆணின் தோள் பொதுவாக அகன்றது. அதனால் அசைவு தோளிலே மிகுகின்றது. பெண்ணின் அசைவு இடுப்பிலே மிகுகின்றது. ஆகவே, உடலமைப்புக்கு இதில் ஒரு பங்குண்டு. ஆயினும் பார்த்தோர் தவறிய வேளைகளும் பலவாகும் என்பது மறக்கத்தக்கதன்று.

வளர்ப்பின் பங்கு இதனினும் பெரிது எனலாம். பிரான்சு நாட்டு மானிடவியலறிஞர் மார்செல் மோஸ், 1934ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவொன்றில் சுவையான செய்தியொன்றைக் கூறினார். நியூயோர்க் நகர வைத்தியசாலையில் நோயுற்றுக் கிடந்தபோது, அங்கிருந்த தாதியரின் நடை எங்கோ கண்டதுபோல அவருக்குத் தோன்றிற்று. அது திரைப்படங்களிலே கண்ட நடையென்பது பின்னரே நினைவுக்கு வந்தது. பாரிசுக்குத் திரும்பியபோது, அந்நகரத்து இளம்பெண்களும் அவ்வாறே நடக்கக் கண்டார். கடல்கடந்து சென்ற அந்நடை இரத்தத்தாற் சென்றதன்று. பார்த்துப் பழகியதாற் சென்றதாகும்.

இதற்குச் சான்றுதேடி வெளிநாடு செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய மரபுவழிக் கூத்துகளிலே பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தனர். பகலில் வயலிலே மண்வெட்டி பிடித்தவர், இரவில் களரியேறியதும் அரசகுமாரியாக நடந்தார்; நாணினார்; புலம்பினார். அண்ணாவியார் பழக்கிய பழக்கத்தினாலேயே இது இயன்றது. யப்பானிய கபுக்கி நாடகத்திலும், 1629ஆம் ஆண்டிலே பெண்கள் மேடையேறுதல் தடைசெய்யப்பட்டபின், ஆண்களே பெண்வேடம் பூண்டு அக்கலையை வளர்த்தனர். கற்பித்தால் வரக்கூடியதொன்றை இயற்கையின் விதியெனக் கொள்ளலாகாது.

அடுத்து, புன்னகை. மரியான் லாபிரான்சும் அவருடன் உழைத்தோரும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பெண்கள் ஆண்களைவிட மிகுதியாகப் புன்னகைக்கின்றனர். ஆனால், இருபாலாரும் ஒரே வகையான கடமையில் ஈடுபட்டிருக்கும்போது அவ்வேறுபாடு குறைந்துவிடுகின்றது. புன்னகையின் அளவைப் பாலோடு, ஏற்றிருக்கும் பொறுப்பும் தீர்மானிக்கின்றது என்பதே இதன் கருத்து.

பிறர் குறிப்பை அறியும் ஆற்றல் எவர்க்கு மிகுதி? ஜூடித் ஹால் 1978ஆம் ஆண்டில் 75 ஆய்வுகளைச் சீர்தூக்கி, சராசரியாக நோக்குமிடத்துப் பெண்களே இதில் முன்னிற்கின்றனர் எனக் கண்டார். வேறுபாடு பெரியதன்று, எனினும் பல ஆய்வுகளிலும் அது காணப்பட்டது. இதற்குக் காரணம் யாதென்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமையுண்டு. அதிகாரமற்றவர் அதிகாரமுடையவரின் முகத்தைக் கவனித்தே வாழவேண்டியிருத்தலால் அத்திறன் வளர்கின்றது என்பர் ஒரு சாரார். அரசன் முன்னிற்கும் அமைச்சனுக்கு வள்ளுவர் இவ்வதிகாரத்தை வகுத்தமை ஈண்டு சிந்திக்கத்தக்கது. இவ்விளக்கம் போதாது என்பர் மற்றொரு சாரார்.

இவையெல்லாம் வெறும் அறிவு விளையாட்டல்ல. கண்ணைத் தாழ்த்திப் பேசும் பழக்கத்தை நோக்குக. மூத்தோர் முன் கண்ணைத் தாழ்த்துவதே அடக்கமென்று கற்பிக்கப்பட்ட பெண்ணொருத்தி, நீதிமன்றத்திலே சாட்சி சொல்ல நிற்கின்றாள். அங்கும் அவள் கண்கள் தாழ்கின்றன. ‘பொய் சொல்வதனாற்றான் முகத்தைப் பார்க்க மாட்டாள்’ என்று கேட்போர் கருதிவிட்டால், வீட்டிலே பாராட்டப்பெற்ற பழக்கமே மன்றிலே அவளுக்குக் கேடாகின்றது. பொய்யர் கண்ணைப் பாரார் என்பது உலகின் பல நாடுகளிலும் பரவியுள்ள நம்பிக்கை. ஆயின், நம்பிக்கையின் பரப்பு உண்மைக்கு அளவுகோலாகாது. பொண்ட், டிபோலோ என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் ஏராளமான சோதனைகளைத் தொகுத்தபோது, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் மக்கள் நூற்றுக்கு 54 முறையே சரியாகத் தீர்த்தனர். நாணயத்தைச் சுண்டித் தீர்த்தாலும் நூற்றுக்கு 50 முறை சரிவருமன்றோ!

பெண்பார்க்கும் வேளையிலும் இவ்வாறே. தலைகுனிந்து நின்றால் சம்மதம் என்று பெரியோர் முடிவுகட்டிவிடுவர். அத்தலைகுனிவு நாணமாயிருக்கலாம்; அச்சமாயிருக்கலாம்; மறுக்க வழியறியாத துயரமாகவும் இருக்கலாம். ஆண்பிள்ளையின் நிலையும் வேறன்று. அழக்கூடாதென வளர்க்கப்பட்டவன் இழவு வீட்டிலே கல்லாக நின்றால், ஈரமற்றவன் என்ற பழியே அவனுக்குக் கிடைக்கின்றது.

ஆகவே குறிப்பறிதல் நல்லதோர் ஆற்றலே. அது தீர்ப்பாகிவிடுதல்தான் தீது. ஒருவர் மெய்யிலே தோன்றும் குறிப்பு, அவரை நோக்கி வினாவொன்றை எழுப்புவதற்குப் போதுமான காரணமாகும், விடையாவதற்குப் போதாது. மன்றிலாயினும் மணவீட்டிலாயினும், குறிப்பைக் கண்டபின் வாய்ச்சொல்லையும் கேட்டறிதலே முறையாகும். கேட்கப்பட்டவர் அச்சமின்றி விடைகூறத்தக்க நிலையை முதலில் உண்டாக்குதல், கேட்பவரின் கடமையாகும்.