உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்

கொழும்பு மாளிகாவத்தையில், பிரேமதாச மைதானத்துக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் வெறுங்காலோடு பந்து விளையாடுபவருக்குக் கால்நகம் கறுத்தால், “அடிபட்டிருக்கும்” என்று விட்டுவிடுவோம். அநேகமாக அது சரிதான். ஆனால் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரலில் இருந்ததும் பந்தாட்டக் காயமாகவே முதலில் எண்ணப்பட்டது. அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என 1977இல் தெரியவந்தது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

கறுத்த தோலுக்கு வராதா?

வெள்ளைத் தோலினரைவிட நமக்கு மெலனோமா மிகக் குறைவு. வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே அதிகம் தேடும். முகத்து மச்சங்களை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்.

எங்கே ஏமாறுகிறோம்?

நகத்தடி இரத்தக்கட்டு, நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்து மறையும். கால்நகம் முழுதாக மாற ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகலாம். நகராமல் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு வேறு விடயம். கறுத்த தோலினருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது வழமை. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, ஓரச் சதைக்கும் கறுப்புப் பரவினால் தாமதிக்க வேண்டாம்.

குதிக்காலில் உராய்வால் கசிந்த இரத்தமும் மச்சம்போலவே தெரியும். வைத்தியர் மேற்தோலை மெல்லச் சீவினால் அது போய்விடும். மறுபுறம், சில மெலனோமாக்களுக்குக் கறுப்பே இராது. ஆணிக்கால் போலவோ ஆறாத புண் போலவோ இருக்கும். சீனி வருத்தம் உள்ளவரின் காலில் அதைச் “சீனிப் புண்” என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

வைத்தியர் என்ன செய்வார்?

டெர்மொஸ்கோப் என்னும் உருப்பெருக்கியால், நிறம் உள்ளங்கால் ரேகைகளின் பள்ளத்தில் உள்ளதா, மேட்டில் உள்ளதா என்று பார்ப்பார். மேட்டில் இருந்தால் சந்தேகம் வலுக்கும். சதையை ஆய்வுகூடத்தில் சோதித்தே முடிவு சொல்ல முடியும். ஆகவே சந்தேகமான மச்சத்தை அழகு நிலையத்தில் லேசரால் சுட்டுவிடாதீர்கள். சோதிக்க எதுவும் மிஞ்சாது.

நீங்கள் செய்யக்கூடியது

தொழுகைக்கு வுழூ செய்து கால் கழுவும்போதோ குளிக்கும்போதோ விரலிடுக்கு, குதிக்கால், நகம் ஆகியவற்றைக் கவனியுங்கள். குனிய முடியாத மூத்தவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். புதிதாக வந்த, வளர்கின்ற, நிறம் மாறுகின்ற, இரத்தம் கசிகின்ற புள்ளியையும், இரண்டு மாதமாகியும் ஆறாத புண்ணையும் வைத்தியரிடம் காட்டி, தோல் நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது. “எப்போது அடிபட்டது?” என்று அங்கே கேட்பார்கள். ஞாபகமில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். நடக்காத அடியைச் சொன்னால் நோயறிதல் திசைமாறும்.