அபினும் அரசின் காவலும்

அபின் எனும் சொல் அரபு மொழியின் ‘அஃப்யூன்’ வழியே நம்மிடம் வந்தது. அதன் வலி தணிக்கும் ஆற்றலையும், மிகுந்தால் உயிர் பறிக்கும் கேட்டினையும் இப்னு சீனா தம் ‘அல்கானூன்’ நூலில் விளக்கியுள்ளார்.

இவ்விரு தன்மையே அரசுக் கட்டுப்பாட்டிற்குக் காரணம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவரே அபினுக்காகக் கசகசாச் செடியைப் பயிரிடலாம். கீறி வடித்த அபின் முழுவதையும் அரசிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவத்தையும் நெருக்கியது. மார்ஃபின் வாங்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தமையால் மருத்துவமனைகள் பல அதனைக் கைவிட்டன. அபின் விளையும் நாட்டிலேயே புற்றுநோயாளர் வலியால் துடித்தனர். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் ஒற்றை உரிமத்திற்கு வழிவகுத்தது.

போதையை விலக்குவதும் நோயுற்றோர் வலியைத் தீர்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை நாம் மறத்தலாகாது.